அக்காவிடம் நீதான் சொல்ல வேண்டும்

திண்டிவனம்
19.6.2016

அன்பு மகன் ஜெகதீசனுக்கு அம்மா தையல்நாயகி எழுதுவது. நீயும் மருமகள் கத்ரினும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத்தான் காலையில் விளக்கேற்றும்போதும் கேட்டுக்கொண்டேன். இங்கே அப்பா இருந்தபடியே இருக்கிறார், நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுத மனசு வரவில்லை. தினமும் போனில் பேசுகிற காலத்தில் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டு உன் குரல் கேட்டால்தான் அவர் முகம் தெளிகிறது, அதை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனால் கட்டிலைத் தட்டுகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் இடமில்லை. நீயும் நான் ஏதோ சொல்ல வருகிறேன் என்று தெரிந்தால் மீட்டிங் இருக்குதும்மா, வெச்சிடறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்துவிடு.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவின் வலது கால் கொஞ்சம் ஊன்றுகிறது, நானும் உன் அக்கா சூர்யகலாவும் இரண்டு பக்கம் பிடித்தால் வாசல் கேட் வரைக்கும் வருகிறார், பஸ் போகிற சத்தம் கேட்டால் நின்று பார்க்கிறார். வலது கை அப்படியேதான் இருக்கிறது. பேச்சில் வா, போ, தண்ணி, இல்ல, இந்த மாதிரி ஒற்றைச் சொல் வருகிறது, மூன்று சொல் சேர்ந்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. சாப்பாடு இடது கையால் அவரே அள்ளிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார், சட்டையெல்லாம் சிந்தும், ஆனாலும் ஊட்ட வந்தால் முறைக்கிறார். கத்ரின் அனுப்பிய ரப்பர் பந்து வந்தது, அதைக் கையில் வைத்து அமுக்க வேண்டும் என்று டாக்டரும் சொன்னார், வலது கையில் வைத்தால் உருண்டு கீழே போகிறது, நான் எடுத்து எடுத்து வைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். காணையில் நம் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியதம்பி போன வாரம் வந்திருந்தார், நிலத்தில் விளைந்த கடலை, நல்ல மல்லாட்டை ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பஸ் டிரைவர் அரங்கநாதன் அண்ணன்னா விக்கிரவாண்டி வரைக்கும் குரல் கேக்குமே அண்ணி என்றார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணினாய். இந்த வருஷமும் பிப்பாவை டீம்ல எடுத்துட்டாங்கம்மா, செப்டம்பர்ல போறோம், அப்பாவ அக்கா பாத்துக்கட்டும், நீ மட்டும் ஒரு மாசம் வந்துட்டுப் போ, உனக்கும் ஒரு சேஞ்சா இருக்கும், போன வருஷம் நீங்க வந்துதான் எங்களுக்கு மெடல் கெடச்சிது, உன் ராசிம்மா என்றாய். ராசி என்றாய் ஜெகா. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் நாய் பிப்பாவின் பேர் காதில் விழுந்ததும் அவருக்குப் பாதி வாய் சிரித்தது, பாப்பா, பாப்பா என்று இரண்டு தரம் சொன்னார், உனக்கும் அது கேட்டிருக்கும், பாத்தியாம்மா அப்பாவுக்கே சந்தோஷம் என்று நீயும் சிரித்தாய். நான் பார்க்கலாம்ப்பா என்று சொல்லி வைத்தேன்.

நான் அந்தப் பயணத்தைக் குறை சொல்ல வரவில்லை. சந்தோஷமாகத்தான் வந்தோம். அப்பாவுக்கு பிரஷர் இருக்குது, குளிர் ஊருக்கு அனுப்பாதே என்று உன் அக்கா சொன்னபோது, நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கறேன் என்று நீ சொன்னாய், அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவளும் சூட்கேஸ் கட்டிக் கொடுத்தாள். உன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஜெர்மனியிலிருந்து செக் நாட்டுக்குக் காரில் போனோமே, அந்த நாள் முழுக்க அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு ஹாரன் சத்தம் கூட இல்லியே, இவனுங்க எப்படி வண்டி ஓட்டறானுங்க என்று ஆச்சரியப்பட்டார். வழியில் நிறுத்தி நான் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை நாம் நாலு பேரும் நின்றபடியே சாப்பிட்டோம், கத்ரின் காரம் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு பிப்பா என்ற பேர் வாயில் நுழையவில்லை, பாப்பா ஆக்கிவிட்டார், அந்த நாயும் அதற்குத் திரும்பிப் பார்த்தது.

நாய்க்கு ஒரு பந்தயம், அதற்கு நாடு நாடாக டீம், அதைப் பார்க்க ஜனங்கள் கொடி பிடித்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் வருகிறார்கள் என்றால் திண்டிவனத்தில் யார் நம்புவார்கள். நானே முதல் நாள் சிரித்தேன். அப்பாதான் எனக்கு விளங்க வைத்தார். கம்பத்துக்கு நடுவில் நாய் வளைந்து வளைந்து போனதே, லைசென்ஸ் எடுக்கும்போது எட்டு போடச் சொல்லுவாங்களே, அதேதான் தையலு, கம்பம் ஒன்ன விட்டாலும் பெயில் என்றார். சீசா பலகையில் ஏறி, அது மறு பக்கம் சாய்கிற வரைக்கும் நின்று, கால் வைத்து இறங்க வேண்டும், குழாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும், கூட ஓடுகிறவர்கள் கையைக் காட்டலாம், குரல் கொடுக்கலாம், தொடக் கூடாது. கத்ரின் கை காட்டி ஓடியதைப் பார்த்து, நல்ல கண்டக்டர் கெடச்சா டிரைவருக்குக் கண்ணே வேணாம் என்று மெச்சிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஜெர்மன் டீம் பனியன் கொடுத்தாய், நான் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டேன். பிப்பா கோட்டைத் தாண்டிக் கிளம்பினதும் அப்பா எழுந்து நின்று போலாம் ரைட், ரைட் ரைட் என்று போட்ட கூச்சலில் சுற்றி இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், மறுநாள் அவர்களும் கூடச் சேர்ந்து ரைட் ரைட் என்று கத்தினார்கள். ரிட்டயர் ஆன பிறகு அவரை நான் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அதற்கு உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அதை மறைக்கவில்லை.

கடைசி நாள் நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நீ மறந்துவிட்ட மாதிரி பேசுகிறாய், அதனால் எழுதுகிறேன். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தோம். நீ கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கீழே, டீம்காரர்கள் நிற்கிற இடத்தில் பிப்பாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். அப்பா கையிலிருந்த கொடி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கத்திக் கத்திக் கை அசந்துவிட்டது என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், அது வாய் ஓரமாக ஒழுகிப் பனியனில் இறங்குகிறது, சூடான டீ, அவருக்குத் தெரியவில்லை. ஏங்க, ரெண்டு கையும் தூக்குங்க பாக்கலாம் என்றேன். இடது கை ஒன்றுதான் மேலே வந்தது. ஏதோ சொல்ல வந்தார், குழறல்தான் வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தரிடமும் ஒரு சொல் கேட்க எனக்குப் பாஷை இல்லை. அவரைத் தூணில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை படியும் இறங்கி, வழி விடாமல் நின்ற காவல்காரப் பையனைத் தாண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெகா, ஜெகா என்று கூப்பிட்டேன்.

நீ வந்தாய். கன்னத்தில் கொடிக் கலர் பூசியிருந்தாய். இன்னாம்மா, இங்கல்லாம் வரக்கூடாது என்றாய். அப்பாவுக்குக் கை வரலடா, வாய் கோணிக்கினு போவுது, வாதம் மாதிரி இருக்குது, ஜல்தியா வா என்றேன். இந்தச் சொல்லைத்தான் சொன்னேன், வேறு மாதிரி சொல்லவில்லை. நீ நிமிர்ந்து மேலே பார்த்தாய், அங்கிருந்து பார்த்தால் நாங்கள் உட்கார்ந்த இடம் வெறும் கலர்தான் தெரியும். குளிரும்மா, காத்தாலேர்ந்து கத்திக்கினே இருக்காரு, மஃப்ளர் சுத்தி உக்கார வை, அடுத்தது கத்ரின்தான், இதான் பைனல், முடிஞ்சதும் நானே வர்றேன் என்றாய். டேய், வாதம்டா என்று மறுபடியும் சொன்னேன். அஞ்சு நிமிஷம்மா, ப்ளீஸ் என்று சொல்லித் திரும்பிக்கொண்டாய். வாதம் என்றால் உனக்குத் தெரியாதா ஜெகா. நம் தெரு முனியம்மாள் தண்ணீர்க் குழாயடியில் வாய் கோணி விழுந்தபோது, காலேஜிலிருந்து வந்த நீதானே புத்தகத்தை எறிந்துவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாய். அவள் இன்றைக்கும் நடந்து போகிறாள், என்னைப் பார்க்கிறபோதெல்லாம் உன்னைக் கேட்கிறாள்.

நான் திரும்பிப் படி ஏறி வருவதற்குள் பிப்பா ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சுற்றிலும் ஆட்கள் சுவர் மாதிரி நிற்க, நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம், அவர் என் தோளில் சரிகிறார், நான் இரண்டு கையாலும் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ரைட் ரைட் என்று கத்துகிறார்கள், அவர் சொல்லிக் கொடுத்த சொல். பிறகு கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல், மூன்றாம் இடம் வந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. நீ வரவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள், போட்டோ எடுத்தீர்கள், மெடல் வாங்க ஏறி நிற்கிற பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள், பாட்டு போட்டார்கள், நீ வரவில்லை. முன் வரிசையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வேறு ஏதோ நாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்த ஒரு அம்மா தற்செயலாகத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கிட்ட வந்து குனிந்து அவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக் காட்டினாள். இந்த நேரத்தில் சிரிக்கிறாளே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவரையும் அப்படிச் சிரிக்கச் சொல்லித்தான் காட்டியிருக்கிறாள். அவருக்கு ஒரு பக்கம்தான் அசைந்தது. உடனே ஓட்டமாக ஓடினாள், ஸ்ட்ரெச்சரோடு ஆட்களைக் கூட்டி வந்தாள். நான் திரும்பத் திரும்பச் சொன்ன உன் பேரை மைக்கில் குதறிக் கூப்பிட்ட பிறகுதான் நீ வந்தாய். அந்த அம்மாவின் பேர் கூட எனக்குத் தெரியாது. வேறு நாட்டுக்காரி, தன் டீமை விட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி நடையில் நீ அழுதாய். என் காலைப் பிடித்துக்கொண்டாய், உன் கன்னத்துக் கலர் என் புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டது. அம்மா, அக்காகிட்ட சொல்லிடாத, வரவேணாம்னு அவ ஏற்கெனவே சொன்னா, தெரிஞ்சா ஆயுசுக்கும் என்கிட்ட பேச மாட்டா, நைட்டு தூக்கத்துல வந்துதுன்னு சொல்லிடலாம் என்றாய். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கில் குழாயோடு கிடக்கிறார், அந்த ஊரில் எனக்குப் பேசக் கிடைத்த ஒரே மனுஷன் நீ, நான் சரி என்று தலையாட்டினேன். பெற்ற பிள்ளை அழுகிறான், அவர் பிழைத்து எழுந்தால் போதும், எப்படி வந்தது என்று சொன்னால் என்ன என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் நீ என் பக்கத்தில் நின்றுகொண்டேதான் சூர்யகலாவுக்குப் போன் பண்ணினாய். ராத்திரி ஓட்டல்ல தூங்கும்போது வந்திருக்குக்கா, அம்மா அசந்து தூங்கிட்டாங்க, கவனிக்கல, காத்தால எழுப்பும்போதுதான் பாத்திருக்காங்க என்றாய். நாம் பேசியது தூக்கத்தில் வந்தது என்பது வரைக்கும்தான். அம்மா கவனிக்கவில்லை என்பதை நீயாகச் சேர்த்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாய்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். உன் அக்கா வாரம் தவறாமல் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள். அப்பாவுக்குக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டு, தூக்கி உட்கார வைத்து எல்லாம் செய்கிறாள். என்னோடு பேச்சு மட்டும் இல்லை. மாத்திர குடுத்தியா, துணி காஞ்சிதா, அவ்வளவுதான். நான் காபி போட்டு வைத்தால் ஆறிப் போகிற வரைக்கும் விட்டுவிட்டுத் தானே போய்ப் போட்டுக்கொள்கிறாள். ஒரு நாள் தாங்காமல், இன்னாடி கோவம் என்மேல என்று கேட்டேன். பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தியே, ஒரு மனுஷன் மூச்சு மாறினது கூடவா உனக்குத் தெரியல, அப்படி இன்னா தூக்கம் என்றாள். உள்ளே அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். இல்ல, இல்ல, இல்ல என்று இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார், கை சிவந்துவிட்டது. அவருக்கு எல்லாம் தெரியும், நான் படி இறங்கிப் போனதும் தெரியும், நீ வராததும் தெரியும். சொல்ல வாய்தான் இல்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு, நீ ஒன்னும் அம்மாவுக்குப் பரிஞ்சிக்கினு வராதப்பா என்றாள்.

சித்திரை மாதம் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கையைக் காட்டப் போனோம். புதிதாக வந்த ஒரு இளவயது டாக்டர், பொறுமையாகப் பார்த்தார். அந்த ஊர்ப் பாஷையில் எழுதியிருந்த பேப்பரைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டு, எப்ப வந்தது, எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூர்யகலா சொன்னாள், ராத்திரி தூக்கத்துல வந்துதுங்க டாக்டர், எங்கம்மா கவனிக்கல, காத்தாலதான் பாத்தாங்க என்று. அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. வந்த உடனே கொண்டு போயிருந்தா ரத்தக் கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்குதும்மா, நேரம் போயிட்டா போட முடியாது, போட்டிருந்தா கை இவ்வளவு மோசமா ஆகாம இருந்திருக்கலாம், சரி, தூக்கத்துல வந்தா யாரு என்ன பண்ண முடியும் என்றார். எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னார். அந்த ஊசியைப் பற்றி நான் கேள்விப்பட்டது அப்போதுதான். டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அஞ்சு நிமிஷம்மா என்று நீ சொன்னது காதில் வந்து நின்றது. பஸ்ஸில் ஏறினோம், உன் அக்கா என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். விக்கிரவாண்டி டோல்கேட் வரும்போது திரும்பிப் பார்த்தாள், கேட்டியா என்று ஒரு சொல் கேட்டாள்.

அப்போதும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ ராசி என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பொறுமை விட்டுப் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை சூர்யகலா வந்தபோது, அப்பா தூங்கட்டும் என்று காத்திருந்து, பின்பக்கம் அவள் துணி அலசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கொடி விழுந்தது, டீ ஒழுகினது, நான் படி இறங்கினது, நீ சொன்ன சொல், சிவப்புச் சட்டைக்காரி, எல்லாம். அவள் அப்பாவின் வேட்டியைப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். எத்தினி மாசமாம்மா இத யோசிச்ச என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் அப்பா மேல உசுரையே வெச்சிருக்கான், தெருவுல போற முனியம்மாவுக்கு ஓடினவன், பெத்த அப்பாவ உட்டுட்டு நாய் ஓடறத பாத்துக்கினு நிப்பானா, நீ தூங்கிட்ட, சரி, வயசாச்சு தூங்கிட்ட, அத ஒத்துக்க முடியாம அவன் தலைல போடறியே, அவன் தூரத்துல இருக்கான், வந்து பதில் சொல்ல மாட்டான்னுதானே என்றாள். இந்தா போனு, இப்பவே அவனக் கேளு என்று நீட்டினேன். வாங்கினாள், நம்பரை எடுத்தாள், அப்புறம் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டாள். இதப் போயி அவன்கிட்ட கேட்டா அவன் மனசு இன்னா பாடுபடும், நான் கேக்க மாட்டேன் என்றாள். உன் மனசு நோகக் கூடாது என்று உன் அக்கா பார்க்கிறாள், ஜெகா. அவளுக்குப் பயந்து நீ மறைக்க வேண்டிய அளவுக்கு அவள் பொல்லாதவள் இல்லை. அவள் அன்றைக்குச் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள். இந்த வாரம் வரவில்லை, மருமகனை அனுப்பினாள். அப்பா கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்லி ஒன்றும் ஆகாது. என் வாயிலிருந்து வந்தால் அது பொய், உன் வாயிலிருந்து வந்தால்தான் நிஜம், அப்படி ஆக்கி வைத்துவிட்டாய். ஆகையால் நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். அழுதுகொண்டு சொன்னாலும் சரி, எழுதி அனுப்பினாலும் சரி, அம்மா வந்து வாதம் என்று சொன்னாள், நான் வரவில்லை என்று, இந்த அளவு சொன்னால் போதும். ஏன் வரவில்லை என்பதை நான் கேட்கவில்லை. அஞ்சு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாயோ, இத்தனை வருஷம் உழைத்தது கை நழுவிவிடும் என்று பயந்தாயோ, எனக்குத் தெரியாது. அவசரத்தில் ஒருத்தன் தப்பாக நினைத்துவிட்டான் என்றால் அதை நான் மன்னித்துவிடுவேன், அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையிலேயே மன்னித்துவிட்டேன். அதன் பிறகு நிதானமாக, போனைக் கையில் வைத்துக்கொண்டு நீ செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்பாவுக்கு உன்மேல் வருத்தம் இல்லை என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளாதே. வருத்தம் இருந்தாலும் அவரால் சொல்ல முடியாது.

செப்டம்பருக்கு நான் வரவில்லை. கத்ரின் என்ன காரணம் என்று கேட்டால் அவளிடமும் உண்மையைச் சொல், அவள் நல்ல பெண், அவளுக்குத் தெரியாமல் எத்தனை நாள் வைத்துக்கொள்ளப் போகிறாய். பிப்பா நன்றாக ஓடட்டும், அந்த வாயில்லாத ஜீவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, மழை நேரத்தில் காலைத் துடைத்து உள்ளே விடுங்கள். நீயும் வருஷத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்த்துக்கொள், அப்பாவுக்கு வந்தது உனக்கும் வரலாம், உப்பைக் குறை, ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. குளிர் வருவதற்குள் நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், போன வருஷம் நீ போட்டிருந்தது முழங்கையில் நைந்து போயிருந்தது.

போன் பண்ணுவதை நிறுத்திவிடாதே, அப்பாவுக்கு அந்த நேரம் தெரியும், அது வரைக்கும் தூங்க மாட்டார். வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டு அவர் காதோரம் வைத்துவிடுகிறேன், அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, பாப்பா எப்படி ஓடுகிறது என்று சொல். நான் பின்பக்கம் போய்விடுவேன், நீ பேசி முடித்து அவர் கட்டிலைத் தட்டினால் வந்து போனை அணைத்து வைப்பேன். என்னோடு பேச வேண்டுமென்றால் முதலில் உன் அக்காவோடு பேசிவிட்டு வா.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் பொய் பேசாமல், நெடுநாள் நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அக்காவின் விழுப்புரம் வீட்டு நம்பர் மாறிவிட்டது, புது நம்பரைக் கடித உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
அம்மா,
அ. தையல்நாயகி